கன்றின் கண்ணிமையைப் பாருங்கள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் கறவை மாடு வளர்ப்போரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கறவை மாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் பாலைப் பற்றிப் பேசுவதே நமது வழக்கம். எத்தனை லிட்டர் கறந்தது, கொழுப்பு எவ்வளவு, சங்கத்தில் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்கிறோம். தொழுவத்தின் மூலையில் அரை முழக் கயிற்றில் கட்டிக் கிடக்கும் கன்றைப் பற்றிக் கேட்பவர் அரியர். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நமது மாநிலத்தில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள் இருந்தன. அவை யாவும் ஒரு நாள் அந்த மூலையில் நின்று தேறி வந்தவையே. தேறாமற் போனவை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

கன்று தேறாமற் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச வந்திருக்கிறோம். அதுதான் ரத்தசோகை. மனிதருக்கு, அதிலும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும், ரத்தசோகை வருவதை நீங்கள் நன்கு அறிவீர்கள். கன்றுக்கும் அது வரும் என்பதை அறிந்தவர் குறைவு.

ரத்தம் சிவப்பாயிருப்பது ஹீமோகுளோபின் என்னும் பொருளால். நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் சேர்ப்பது அதன் வேலை. அந்தப் பொருளை ஆக்குவதற்கு இரும்பு வேண்டும். 1 கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு அடங்கியிருக்கிறது. நல்ல உடல்நிலையிலுள்ள கன்றின் ரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு 9 கிராமோ அதற்கு மேலோ ஹீமோகுளோபின் இருக்கும். 8 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்று கொள்கிறோம். 7க்கும் கீழே போனால் கன்றின் பசி மந்தமாகி, வளர்ச்சி தடைப்படுகிறது. சற்றுத் தூரம் ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. கழிச்சலும் சளியும் அதை எளிதில் பற்றிக்கொள்கின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பால் குடிக்கும் கன்றுக்கு என்ன குறை? பாலில் எல்லாச் சத்தும் இருக்கிறதே! இருக்கிறது, இரும்பைத் தவிர. 1 லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு சுமார் அரை மில்லிகிராம்தான். பல வேளைகளில் அதுவும் இல்லை. நாளொன்றுக்கு 300 கிராம் எடை ஏறும் கன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடை ஏறுவதற்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலில் சேரவேண்டும். ஆகவே இந்தக் கன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் தேவை. அதற்கு நாம் 3 லிட்டர் பாலைத் தாராளமாக விட்டாலும் வயிற்றுக்குள் செல்லும் இரும்பு ஒன்றரை மில்லிகிராமே.

மீதி எங்கிருந்து வருகிறது? தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றிலிருந்து வருகிறது. கன்று கருவிலிருக்கும்போதே அதன் கல்லீரலில் சிறிது இரும்பைச் சேர்த்து வைத்துத்தான் தாய் ஈனுகிறது. தாய் வாடியிருந்தால் அந்தக் கட்டுச்சோறும் சிறுத்துவிடும். எப்படியானாலும் சில வாரங்களில் அது தீர்ந்துபோகும். பிறந்த கன்றின் ரத்தத்தில் முதற்சில வாரங்கள் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவது இயற்கையே. கன்று தீவனத்தையும் பசும்புல்லையும் மெல்லத் தொடங்கியதும் அது தானாக ஏறிவிடும். மெல்லத் தொடங்காத கன்றுக்குத்தான் ஆபத்து.

இதை ஐரோப்பாவில் சிலர் வேண்டுமென்றே செய்து வந்தார்கள் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். கன்றின் இறைச்சி வெளுப்பாயிருந்தால் விலை அதிகம் என்பதற்காக, இரும்பு குறைந்த பால் உணவை மட்டுமே ஊட்டி, வைக்கோலைக்கூடக் காட்டாமல், குறுகிய கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். அந்தக் கன்றுகள் கூண்டின் ஆணிகளை நக்கிக் கொண்டிருக்குமாம். 1997ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், கன்றுகளின் ரத்தத்தில் சராசரி ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 7 கிராமுக்குச் சற்று மேலாகவேனும் இருக்கும்படி உணவில் இரும்பு சேர்த்தாக வேண்டும் என்று விதித்தது. அவர்கள் ஆதாயம் கருதிச் செய்ததை நாம் அறியாமையால் செய்துகொண்டிருக்கிறோம்; அதில் நமக்கு ஆதாயமும் இல்லை.

நமது கிராமங்களில் கன்று மண்ணைத் தின்னும். சுவரை நக்கும். கயிற்றையும் பழந்துணியையும் சவைக்கும். நாம் என்ன செய்கிறோம்? வாய்க்கூடு கட்டிவிடுகிறோம். கன்று மண் தின்பதற்கு இரும்புக் குறைவு ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். பாஸ்பரமோ உப்போ குறைந்தாலும், வயிற்றில் புழு இருந்தாலும், கடிக்க ஒரு துரும்பும் இல்லாத ஏக்கத்தாலும் அது மண்ணைத் தின்னலாம். எதுவாயினும் அது கன்று நம்மிடம் செய்துகொள்ளும் முறையீடு. வாய்க்கூடு அந்த முறையீட்டை அடைக்கிறதே தவிர, குறையைத் தீர்ப்பதில்லை.

“செம்மண்ணில் இரும்பு இருக்கிறதே, தின்றால் நல்லதுதானே?” என்று ஒருவர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. செம்மண்ணின் சிவப்பு இரும்பால் வந்ததே. ஆனால் அது துருவைப் போன்ற இரும்பு. குடலில் மிகச் சிறிதளவே கரைந்து ரத்தத்தில் சேரும். அதனோடு சாணத்திற் கலந்த புழு முட்டைகளும் உள்ளே போகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் வரும் துரு நிறத் தண்ணீரையும் மருந்தென்று எண்ணிவிட வேண்டாம்.

புழுவைப் பற்றிச் சொல்லுமுன், நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், ஏரிப் பாசனமுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். கணவரை இழந்த ஓர் அம்மையார், கடன் பெற்று வாங்கிய ஒரே ஒரு கலப்பினப் பசுவை வைத்துக் குடும்பம் நடத்தி வந்தார். அதன் கிடாரிக் கன்றுக்கு 4 மாதம். வயிறு பருத்து, முதுகு ஒட்டி, மயிர் சிலிர்த்து, வாய்க்கூட்டோடு நின்றது. “ஐயா, இது மண்ணைத் தின்னுதுங்க, எடுத்துக் கட்டினாலும் விடமாட்டேங்குது” என்றார். “ஏனம்மா, கன்றுக்கு எத்தனை காம்பு விடுகிறீர்கள்?” என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். பால் சுரக்கும் வரை ஊட்டவிட்டு உடனே பிடித்துக் கட்டிவிடுவது வழக்கமாம். கடன் தவணைக்கு ஒவ்வொரு படியும் வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கன்றின் கீழ் இமையை விரலால் தாழ்த்திப் பார்த்தோம். உட்புறம் வெளுத்திருந்தது. ஈறும் அப்படியே. இரும்புக் குறைவு என்று உடனே முடிவு கட்டி, இரும்புச் சத்து மருந்து ஒரு புட்டி கொடுத்து, கொஞ்சம் தீவனமும் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். சாணத்தைச் சோதிக்கவில்லை. பகலில் கன்று எங்கே மேய்கிறது என்றும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது கன்றின் தாடைக்கடியில் பை போல நீர் கோத்துத் தொங்கியது. அப்போதுதான் சாணம் சோதனைக்குப் போயிற்று. ரத்தம் உறிஞ்சும் புழுவின் முட்டைகள் ஏராளமாக இருந்தன. மழைக்குப் பின் ஏரிக்கரையில் துளிர்த்த புல்லில், பனி உலராத காலையிலேயே கன்று அவிழ்த்துவிடப்பட்டு வந்ததாம். புழு மருந்து கொடுத்தோம், காலம் கடந்துவிட்டது. இரண்டாம் நாள் கன்று இறந்தது. கன்று இறந்தபின் பசு பால் சுரக்க மறுத்தது. தோலுக்குள் வைக்கோல் திணித்து வைக்கோற் கன்று ஒன்று செய்து முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எந்தப் படிக்காகக் கன்றைப் பிடித்துக் கட்டினார்களோ அந்தப் படியும் போயிற்று.

நாம் எங்கே தவறினோம் என்பதைக் கணக்காகவே காட்டலாம். கன்றின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுவுக்கு ஹீமாங்கஸ் என்று பெயர். இதன் நெருங்கிய இனம் செம்மறியாட்டில் வாழ்கிறது. அது ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் ரத்தத்தைப் போக்குகிறது என்று கணித்திருக்கிறார்கள். ஒரு சொட்டு அளவு. ஆனால் 1,000 புழு இருந்தால் 50 மில்லி லிட்டர். அந்த ரத்தத்தோடு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. 3 லிட்டர் பாலில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் இரும்பைப்போல் அது பத்து மடங்கு. ஓட்டைக் குடத்தில் நாம் டம்ளரால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஆகவே வெளுத்த கன்றைக் கண்டதும் இரும்பு மருந்தைத் தேடுவதற்கு முன், ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். நமது கிராமங்களில் பாலில் இரும்பு குறைவதால் மட்டும் கன்று சோகை பிடிப்பதைவிட, பாலும் குறைந்து, தீவனமும் இன்றி, புழுவும் உண்ணியும் சேர்ந்துகொள்வதால் சோகை பிடிப்பதே மிகுதி என்பது நமது கருத்து. கொக்கிப் புழுவும் ரத்தம் குடிப்பதே. கன்றின் வயிற்றில் நீளமாகச் சுருண்டு கிடக்கும் உருண்டைப் புழு ரத்தம் குடிப்பதில்லை. ஆயினும் உணவைப் பறித்துக்கொள்ளும். இதன் இளம் பருவம் தாயின் பால் வழியாகவே கன்றுக்குள் புகுந்துவிடுகிறது. எருமைக் கன்றுகளில் இது மிகவும் அதிகம். அதனால்தான் கன்றுக்கு 10ஆம் நாளை ஒட்டி முதற் புழு மருந்தும், அதன்பின் 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டில் மீதியிருந்த மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். குறைந்த அளவு கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கன்றுக்கு வாங்கியதைச் சினைப் பசுவுக்கும் ஊற்றுவது இன்னும் கெடுதல். அல்பெண்டசோல் போன்ற சில மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகா.

உண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. காது மடலிலும் தொடையிடுக்கிலும் வாலடியிலும் தடவிப் பாருங்கள். உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. தைலேரியா என்னும் நோயையும் பரப்புகிறது. இது நாட்டு மாடுகளைவிட ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்களையே கடுமையாகத் தாக்கும். கடுங்காய்ச்சல், தோளின் முன்புறம் கட்டி போல் நெறி கட்டுதல், பிறகு இமை வெளுத்து மஞ்சளித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்குத் தனி மருந்து உண்டு. அது உடனே வேண்டும். இரும்பு மருந்து கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவது கன்றைக் கொல்வதற்குச் சமம்.

இனி வளர்ப்பு முறைக்கு வருவோம். கன்று பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக் கூடாது என்ற எண்ணம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அது தவறு. நோயைத் தடுக்கும் பொருள்களைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் நாளில் மட்டுமே. மணிக்கு மணி அந்த ஆற்றல் குறைந்துகொண்டே போகும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அது நிரம்பக் குடித்தபின் மிஞ்சினால் நாம் வெல்லமும் ஏலமும் போட்டு வேகவைத்துக்கொள்ளலாம். அந்தப் பண்டத்தின் சுவையை நாமும் அறிவோம்; வேண்டாமென்று சொல்லவில்லை.

முதல் மாதம், எடையில் பத்தில் ஒரு பங்கு பால் கொடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு பிடி கன்றுத் தீவனத்தையும் இளம் பசுந்தழையையும் எட்டும்படி வையுங்கள். முதலில் முகர்ந்துவிட்டுப் போகும். பால் குடித்து முடித்தவுடன் ஒரு சிட்டிகையை மூக்கிலும் உதட்டிலும் தடவிவிட்டால் நக்கிப் பழகும். 100 கிலோ தீவனத்துக்கு, அரைத்த மக்காச்சோளமோ கம்போ 50 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 30 கிலோ, கோதுமைத் தவிடு 17 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு 1 கிலோ சேர்க்கலாம். பூஞ்சாளம் பிடித்த பிண்ணாக்கை எக்காரணத்தாலும் சேர்க்கக் கூடாது. தாது உப்பை விலை கருதி விட்டுவிடுகிறார்கள். இரும்பு மட்டுமன்றித் தாமிரமும் கோபால்ட்டும் அதில்தான் இருக்கின்றன. தாமிரம் குறைந்தால் உடலிலுள்ள இரும்பைக்கூட ரத்தமாக்க முடியாது. பசுந்தழையில் வேலிமசாலும் குதிரை மசாலும் அகத்தியும் நல்லவை. வரப்போரம் நாலு சால் வேலிமசால் போட்டவர் வீட்டுக் கன்றின் மினுமினுப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவும் செய்தால் பெரும்பாலான கன்றுகளுக்கு இரும்பு மருந்தே தேவைப்படாது. தேவைப்படும் கன்றும் உண்டு. ஊசி மூலம் இரும்பு செலுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் ஊறத் தொடங்கும். ஆனால் அதை மருத்துவர் மட்டுமே போடவேண்டும். இரும்பு மிகுந்தாலும் நஞ்சு. சீழ், சளிக் காய்ச்சல் உள்ள கன்றில் கிருமிகளும் அந்த இரும்பைத் தின்று பெருகும்.

மருந்து அளவுக்கு எடை தெரிய வேண்டும். தராசு யாரிடம் இருக்கிறது? தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 30, நீளம் 28 அங்குலம் என்றால் 38 கிலோ. மாதம் ஒரு முறை அளந்து எழுதி வாருங்கள். கிடாரி தன் இனத்து முதிர்ந்த பசுவின் எடையில் ஐந்தில் மூன்று பங்கை எட்டினால்தான் சினைப்படுத்தத் தகுதி பெறும். நான்காம் மாதத்தில் தேங்கிய கன்று அந்த எடையை எட்ட மேலும் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களின் தீவனச் செலவு முழுதும் நமது கையிலிருந்து போகிறது. ஒரு படி பாலும் வருவதில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குத் தனியே சில விண்ணப்பங்கள். அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் கால்நடை வளர்ப்பும் பால்பண்ணையும் பஞ்சாயத்துகளுக்குரிய பொருள்களாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இது உங்கள் வேலை அன்று என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக் கன்றுக்கு மட்டும் புழு மருந்து கொடுத்தால், அடுத்த வீட்டுக் கன்றின் சாணத்திலிருந்து அதே ஏரிக்கரைப் புல்லில் புழு மீண்டும் ஏறிவிடும். மழைக்கு முன் ஒரு வாரமும் மழைக்குப் பின் ஒரு வாரமும் குறித்து, தெருவாரியாக எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கக் கால்நடை மருந்தகத்தாரோடு ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு முன் பத்துப் பதினைந்து கன்றுகளின் சாணத்தைச் சோதனைக்கு அனுப்புங்கள். தரையில் கிடப்பதை வாரக் கூடாது. காலையில் கன்றிடமிருந்து நேராக எடுத்துச் சுத்தமான சிறு புட்டியில் போட்டு அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எப்போதும் சேறாயிருக்கிறதே, அதை மண்ணடித்து மேடாக்கிக் கல் பாவுங்கள். எருக்குழி, கன்று கட்டும் இடத்துக்கு எட்டியிருக்கட்டும். மேய்ச்சற் புறம்போக்கில் கன்றுகளைப் பனி உலர்ந்தபின் விடும்படி தண்டோராப் போட்டாலும் நல்லதே. ஈரப் புல்லின் நுனியில்தான் புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கின்றன.

அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு மறுபடியும் போயிருந்தோம். பசு அடுத்த ஈற்றில் மீண்டும் ஒரு கிடாரி ஈன்றிருந்தது. முதல் இரண்டு மாதம் ஒரு காம்பு முழுதும் கன்றுக்கே விட்டாராம். தொழுவத்துச் சுவரில் அடுப்புக்கரியால் மாதவாரியாகச் சுற்றளவும் நீளமும் எழுதியிருந்தார். பெருக்கி வகுப்பது பள்ளியில் படிக்கும் பேரன். நான்காம் மாதத்தின் எதிரே 39, 35 என்று இருந்தது. வகுத்துப் பார்த்தோம், 80 கிலோவுக்கு மேல். கன்றின் கழுத்தில் வாய்க்கூடு இல்லை. கீழ் இமையைத் தாழ்த்திப் பார்க்கப் போனோம்; அது துள்ளிக்கொண்டு நம் கைக்கு அகப்படாமல் போயிற்று.